மூலையில் இருந்த எண்

மார்ச் 4, திங்கள்

ஆள் தொண்ணூற்றாறு. லேபிள் நூற்று முப்பத்திரண்டு.

தையல் தொழிற்சாலைக்காரர்களுக்கான மூக்குக்கண்ணாடிகள். கட்டிங் அக்கா சனிக்கிழமையே அத்தனையையும் வெட்டி ஃபிரேமில் மாட்டி முடித்துவிட்டாள். ஒரு லேபிள் என்றால் ஒரு கண்ணாடி, அதற்கு மேல் அவள் யோசிப்பதில்லை. காலையில் பெட்டிகளை எண்ணினால் முப்பத்தாறு அதிகம்.

முதலாளியம்மா பட்டறைக்குள் வந்து, "யார் வேலை இது?" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயம்.

கம்ப்யூட்டர் சூப்பர்வைசர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை ஒருமுறை வாரிக்கொண்டார். "இந்தப் பொண்ணுதாம்மா. ரெண்டு ரெண்டு தடவை அடிச்சு வச்சிருக்கு. பத்தாவதைப் பாதியில விட்டது. அப்பவே சொன்னேன்."

நான் என்ன செய்தேன் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். கண் பரிசோதிக்கிற குழு எங்கே போனாலும் இரண்டு வகைத் தாள் கொண்டுவரும். வாசலில் உட்காருபவர் எழுதுவது பெயர்த்தாள்: பெயர், போன் நம்பர். உள்ளே கண்ணைப் பார்ப்பவர் எழுதுவது பவர் சீட்டு: போன் நம்பர், வலது கண், இடது கண். நான் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக அடிப்பேன். போன் நம்பரை வைத்து சூப்பர்வைசர் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பார். சேர்த்ததிலிருந்து லேபிள் வரும்.

அடித்தது தொண்ணூற்றாறு பெயர். தொண்ணூற்றாறு சீட்டு. முடித்ததும் எண்ணினேன். எப்போதும் எண்ணுவேன்.

இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வரி. வாய் ஒட்டிக்கொண்டது. கடைசியில் "சரிம்மா" என்றேன். ஏன் "சரிம்மா" என்றேன்? செய்யாததற்கு யாராவது சரி என்பார்களா?

"இனிமே கம்ப்யூட்டர் பக்கம் வேண்டாம். துடைக்கிற மேசைக்குப் போ."


மார்ச் 5, செவ்வாய்

லென்ஸ் துடைத்தேன். பெட்டியில் வைத்தேன். இருநூறு இருக்கும்.

டீ நேரத்தில் அவர், "டபுள், ஒரு டீ கொண்டா. ரெண்டா கொண்டு வந்துடாதே!" என்றார். டெலிவரிக்காரர்கூடச் சிரித்தார்.

இனி இந்த நோட்டில் சூப்பர்வைசருக்கு "அவர்" கிடையாது. அவன். சீப்பு.


மார்ச் 6, புதன்

டபுள் என்று ஒன்பது தடவை கூப்பிட்டான். எண்ணினேன். ஒன்பதுக்கும் பதில் உண்டு.


மார்ச் 7, வியாழன்

கூடுதல் கண்ணாடி முப்பத்தாறும் ஓர் அட்டைப்பெட்டியில் என் மேசைக்கு அடியில் கிடக்கின்றன. இன்று வேலை குறைவு. எடுத்துப் பார்த்தேன்.

ஒரே பெயரில் இரண்டு. இன்னொரு பெயரிலும் இரண்டு. ஒரு பெண்ணின் பெயர் இரண்டு கண்ணாடியில் இருந்தது, ஏற்கெனவே அனுப்பியதையும் சேர்த்தால் அவளுக்கு மூன்று. லேபிளைப் படித்தேன். ஒன்றில் பவர் ஒன்றரை, இன்னொன்றில் மூன்று. அனுப்பியதில் இரண்டேகால்.

இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நான் ஒரே ஆளை இரண்டு தடவை அடித்திருந்தால் பவரும் அதே பவராகத்தானே இருக்க வேண்டும்? ஒருத்திக்கு மூன்று கண்ணாடி, மூன்றும் வேறு வேறு பவர் என்றால் — இது என் கை செய்தது இல்லை.

என் கை இல்லை. என் கை இல்லை. என் கை இல்லை.


மார்ச் 8, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். காலையில், வீட்டில், அம்மாவின் போன் அடித்தபோது.

அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி எடுத்துவிட்டு, "அக்கா, உனக்குத்தான்" என்று நீட்டினாள். கட்டிங் அக்கா, சீக்கிரம் வரச் சொன்னாள். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே போன்தான்.

பேசி முடித்ததும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். இடது பக்கம்: அம்மா, நான், தங்கச்சி. மூன்று பேருக்கும் பக்கத்தில் அதே போன் நம்பர். வலது பக்கம் மூன்று பவர் சீட்டு. அதிலும் அதே நம்பர். இப்போது கம்ப்யூட்டர் மாதிரி யோசி. அதற்கு அம்மாவையும் தெரியாது, தங்கச்சியையும் தெரியாது. நம்பர் ஒத்துப்போனால் கோடு போடும். அம்மாவிலிருந்து மூன்று சீட்டுக்கும் கோடு. என்னிடமிருந்து மூன்று. தங்கச்சியிடமிருந்து மூன்று.

ஒன்பது கோடு. மூன்று பேருக்கு ஒன்பது கண்ணாடி.

பட்டறைக்குப் போய் தொழிற்சாலைத் தாள்களை மேல்தட்டிலிருந்து இறக்கினேன். அக்கா தங்கை, புருஷன் பெண்டாட்டி என்று ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள். ஒரே போன் கொடுத்த ஜோடிகள் பன்னிரண்டு. ஜோடிக்கு நான்கு கோடு, அதாவது இரண்டு அதிகம். இருபத்துநான்கு. ஒரே போனில் மூன்று பேர் என்று இரண்டு குடும்பம். குடும்பத்துக்கு ஆறு அதிகம். பன்னிரண்டு.

முப்பத்தாறு! ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

இன்னும் ஒன்று. இரண்டு தாளிலும் மூலையில் சிவப்பு மையில் ஒரு வரிசை எண் இருக்கும். பெயர்த்தாளில் 61 என்றால் அந்த ஆளின் பவர் சீட்டிலும் 61. ஆளுக்கு ஓர் எண். யாரோடும் பங்கு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் அதையும் அடித்தேன். சீப்புதான் தடுத்தான். "மூலையில இருக்கிறதை எல்லாம் அடிச்சிட்டிருந்தா பொங்கி வழிஞ்சிடும் வேலை. போன் நம்பர் இருக்குல்ல? போதும்."

நாளைக்கே முதலாளியம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? அவன் "அப்படியா, பாத்துக்கலாம்மா" என்று சீப்பை எடுப்பான். அதோடு முடிந்துபோகும்.

எனக்கு அப்படி முடியக் கூடாது. என்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்தான். அவனும் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். அதுவரை வாயைத் திறக்கப் போவதில்லை. அதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே.


மார்ச் 11, திங்கள்

இன்று எழுதப்போவது வேறு விஷயம்.

அட்டைப்பெட்டிக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டே ஒன்றை விளையாட்டாகப் போட்டுப் பார்த்தேன். எதிர்ச்சுவரில் தீயணைப்பான் மேல் ஒட்டிய சிவப்புத் தாள் — அது வெறும் சிவப்புத் தாள் என்றுதான் ஒன்றரை வருடமாக நினைத்திருந்தேன். அதில் எழுத்து இருக்கிறது. ஆறு வரி. கடைசி வரியில் ஒரு போன் நம்பர்கூட.

கழற்றினேன். போட்டேன். கழற்றினேன்.

கட்டிங் அக்கா பார்த்துவிட்டு வந்து, பவர் பார்க்கிற மெஷினில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டேகால். ஏண்டி, இவ்வளவு நாளா எப்படி நடமாடினே நீ?"

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சேன்க்கா."

"குப்பைக்குப் போறதுதானே. போட்டுக்கோ."

ஒன்பதாவதில் டீச்சர் கரும்பலகையில் எழுதியதைப் படிக்கச் சொல்வார். நான் எழுந்து நிற்பேன். நின்றுகொண்டே இருப்பேன். "வாயில என்ன, பூட்டா?" என்பார். வகுப்பே சிரிக்கும். அம்மா கால் உடைந்து எட்டு மாதம் படுத்திருந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டேன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அம்மா எழுந்து நடந்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லையே. எனக்கு மண்டையில் ஏறாது என்று நானே நம்பிவிட்டேன்.

அவன் தப்பாகச் சேர்த்த கண்ணாடி. அவனுக்கு நன்றி சொல்ல மாட்டேன்.


மார்ச் 20, புதன்

டபுள், நாலு கண்ணு டபுள். இன்று பதினொன்று.


ஏப்ரல் 1, திங்கள்

பள்ளிக்கூட வேலை வந்திருக்கிறது. இருநூற்று நாற்பது பிள்ளைகள். நான் படித்த அதே பள்ளி. முதலாளியம்மாவுக்கு இது பெரிய விஷயம். இது நன்றாகப் போனால் இன்னும் ஆறு பள்ளிகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

சீப்பு ஒற்றை விரலால் தட்டுகிறான். மத்தியானம் வரை பதினெட்டுப் பெயர். கடைசியில் என் மேசைக்கு வந்தான். "வா டபுள். அடிக்கிறது மட்டும்தான். வேற எதையும் தொடாதே."

போனேன்.


ஏப்ரல் 3, புதன்

அடித்து முடித்தேன். இருநூற்று நாற்பது, இருநூற்று நாற்பது.

வரிசை எண்ணையும் அடித்தேன். வலது ஓரத்தில், நான்கு கட்டம் தள்ளி, எழுத்தை வெள்ளை நிறமாக்கி. பார்த்தால் வெறும் திரைதான்.


ஏப்ரல் 4, வியாழன்

சேர்த்தான். நான் துடைக்கிற துணியோடு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். திரையில் 298.

"சே!" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் துடைத்தேன்.

பிறகு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். பெயரும் போன் நம்பரும் ஒன்றாக இருக்கிற வரிகளில் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடும் பொத்தான். 240 ஆனது. "இருநூத்தி நாப்பதுக்கு இருநூத்தி நாப்பது! எப்படி?" என்று தனக்குத் தானே சொல்லி, சீப்பை எடுத்தான்.

எண்ணிக்கை சரி. உள்ளே? அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு வரி. அண்ணனுக்கு முதல் வரி எது? முதலில் வந்த சீட்டு. தம்பிக்கும் முதல் வரி அதேதான். மிச்சம் இருந்த தம்பியின் பவரைத் தூக்கிப் போட்டாயிற்று. இரண்டு பேர் மூக்கிலும் ஒரே பவர்.

போன தடவை அதிகமாக வந்ததால் தப்பு வெளியே தெரிந்தது. இந்தத் தடவை தப்புக்கு மேல் போர்வை போட்டுவிட்டான்.

மத்தியானம் தாள்களோடு ஒத்துப் பார்த்தேன். ஒரே போனில் இரண்டு பிள்ளைகள் இருபத்து மூன்று வீடு. மூன்று பிள்ளைகள் இரண்டு வீடு. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் சரியான பவர். மீதி இருபத்தேழு பிள்ளைகளுக்குத் தப்பான கண்ணாடி.

போகட்டும். பள்ளிக்கூடத்தில், எல்லார் முன்னாலும், பிள்ளைகள் ஒவ்வொருவராக "தெரியலை டீச்சர்" என்று சொல்லட்டும். முதலாளியம்மா அவனைத் திரும்பிப் பார்க்கட்டும். நான் அங்கே இருக்கக்கூடத் தேவையில்லை. நினைத்தாலே வயிறு நிறைகிறது.


ஏப்ரல் 6, சனி

தங்கச்சி என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு டீச்சர் மாதிரி நடந்தாள். ஒரு குச்சி வேறு. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அரை மணிநேரம் அப்படியே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி.

"தலைக்குள்ள யாரோ உருட்டற மாதிரி இருக்குக்கா."

அவளைப் படுக்கவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தேன்.

இருபத்தேழு பிள்ளைகள். அவர்கள் "தெரியலை டீச்சர்" என்று சொல்வார்கள் என்று யார் சொன்னது? நான் சொன்னேனா? நான் நின்றேன். வாயில் பூட்டோடு நின்றேன். அவர்களும் அப்படியே நிற்பார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம். மக்கு என்பார்கள். அவன் சீப்பை எடுத்துத் தலை வாருவான்.

இல்லை. இது அவன் மேல் விழாது. பிள்ளைகள் மேல் விழும்.

ஆனால் அவனை விடவும் மாட்டேன்.


ஏப்ரல் 8, திங்கள்

கட்டிங் அக்காவிடம் சொன்னேன். ஒன்பது கோடு போட்ட காலண்டர் தாளைக் காட்டினேன். சரியான பவரோடு கையால் எழுதிய இருபத்தேழு லேபிள்களையும் பக்கத்தில் வைத்தேன்.

அக்கா கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள். "இப்பவே மேல போய்ச் சொல்லு."

"மாட்டேன்க்கா."

"ஏன்?"

"அவன் மூஞ்சியைப் பாக்கணும்."

அக்கா என்னையே பார்த்தாள். "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு... அம்மாடி!" பிறகு என் லேபிள்களை எடுத்து, அவன் அச்சடித்தவற்றின் மேல் ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தாள். "லேபிள்ல இருக்கிறதை நான் வெட்டறேன். யார் எழுதினதுன்னு எனக்கென்ன தெரியும்?"

இனிப் பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடிகள் சரி. அவன் கையில் இருக்கும் பட்டியல் தப்பு. அனுப்புவதற்கு முன் முதலாளியம்மா மேலாக இருக்கிற பத்துப் பெட்டியைத் திறந்து, மெஷினில் வைத்து, பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார். எப்போதும் பத்து. எப்போதும் மேலே இருப்பவை.

பெட்டி அடுக்குவது யார்? டபுள்.


ஏப்ரல் 11, வியாழன்

நாளைக்கு. சொல்ல வேண்டியதை மூன்று வரியாக எழுதி, பாவாடைப் பையில் வைத்திருக்கிறேன். தங்கச்சியை எதிரே உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தேன். "சத்தமாக்கா" என்றாள். நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை அம்மாவே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யார்கிட்ட சண்டை?" என்றாள்.


ஏப்ரல் 12, வெள்ளி

நடந்தது நடந்தபடி.

பத்தரைக்கு முதலாளியம்மா வந்து மெஷின் முன் உட்கார்ந்தார். சீப்பு பட்டியலை நீட்டிவிட்டு, "இருநூத்தி நாப்பதும் பக்காவா இருக்கும்மா" என்றான். டெலிவரிக்காரர் வாசலில். கட்டிங் அக்கா வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டாள். நான் துணியோடு.

முதல் பெட்டி. முதலாளியம்மா மெஷினைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். "இதுல ஒண்ணேகால். பட்டியல்ல மூணு."

இரண்டாவது பெட்டி. ஒத்துப்போகவில்லை. மூன்றாவது. நான்காவது.

சீப்பு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டபுள்தாம்மா! பெட்டியை மாத்தி மாத்தி வச்சிருக்கா. அப்பவே நிறுத்தியிருக்கணும்."

இதற்காகத்தான் முப்பத்தொன்பது நாள் காத்திருந்தேன். இதைத்தான் அவன் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். அவன் சொல்லியும் ஆயிற்று. மூன்று வரியும் போன இடம் தெரியவில்லை. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

கை மட்டும் வேலை செய்தது. துணியைக் கீழே வைத்தேன். தாள் கட்டை எடுத்தேன். முதல் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயர்த்தாளை வைத்தேன், மூலையில் 61. அதன் பக்கத்தில் 61ஆம் பவர் சீட்டு. ஒன்றேகால். இரண்டாவது பெட்டிக்கு 88. மூன்றாவதற்கு 104. பத்துக்கும் வைத்தேன்.

முதலாளியம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். பெட்டியில் இருப்பது சீட்டில் இருப்பதேதான். பட்டியல்தான் வேறு.

"இது என்ன?" — அவனிடம் இல்லை, என்னிடம் கேட்டார்.

அப்போது வார்த்தை வந்தது. "போன் நம்பர் ஒண்ணு, பிள்ளை ரெண்டு. போன் நம்பரை வச்சுச் சேர்த்தா ஒவ்வொரு பேரும் ரெண்டு பவரோடயும் ஒட்டிக்கும். தொழிற்சாலை வேலையிலயும் அதான் ஆச்சு. நான் ரெண்டு தடவை அடிக்கலை." மூச்சு வாங்கினேன். "வரிசை எண் வேண்டாம்னு சொன்னது சார்தான்."

கம்ப்யூட்டருக்குப் போனேன். அனுமதி கேட்கவில்லை. வெள்ளை எழுத்தைக் கறுப்பாக்கினேன். வரிசை எண்ணை வைத்துச் சேர்த்தேன். திரையில் 240. எதையும் தூக்கிப் போடாமல், தானாகவே 240.

அவன் சீப்புக்காகப் பையைத் தொட்டான். எடுக்கவில்லை. கை அங்கேயே நின்றது. அந்தக் கையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அப்போ இந்தப் பொண்ணு மேல பழி போட்டே?" என்றார் முதலாளியம்மா. சத்தமே இல்லாமல்.

"அது வந்து... தெரியாமம்மா..."

இங்கே நிறுத்திவிட ஆசை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பட்டியல் தப்புன்னு உனக்கு எப்ப தெரியும்?"

பொய் வரவில்லை. "எட்டு நாளா."

"எட்டு நாளா தெரிஞ்சும், என்கிட்ட சொல்லாம, என்னையும் வச்சு வேடிக்கை பாத்திருக்கே."




ஏப்ரல் 13, சனி

அழவில்லை. சந்தோஷம் போய்விடவும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் போலிருக்கிறது.

வேலையிலிருந்து எடுத்துவிடுவாரா?


ஏப்ரல் 15, திங்கள்

எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் எனக்கு. துடைக்கிற மேசை அவனுக்கு. "இனிமே எதையும் சேர்க்கிறதுக்கு முன்னாடி எண்ணு, சேர்த்த பிறகு எண்ணு, வித்தியாசம் வந்தா அந்த நிமிஷமே வந்து சொல்லு. எட்டு நாள் கழிச்சு இல்லே" என்றார். தொழிற்சாலைக்காரர்களுக்குப் போன கண்ணாடிகளையும் சீட்டோடு ஒத்துப் பார்த்து மாற்றிக் கொடுக்கச் சொன்னார்.

கண்ணாடிகள் இருநூற்று நாற்பதும் பள்ளிக்குப் போய்விட்டன. டெலிவரிக்காரர் அவனைப் பார்த்து, "என்ன டபுள், டீ சாப்பிடலாமா?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சத்தமாக. அவன் கேட்கவேண்டும் என்றுதான்.


ஏப்ரல் 24, புதன்

அவன் துடைத்த லென்ஸில் விரல் ரேகை. மூன்று பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். நான்காவது சுத்தமாகத்தான் இருந்தது. அதையும் அனுப்பினேன்.


மே 14, செவ்வாய்

முதியோர் இல்ல வேலை. பெயர் 118. சீட்டும் 118 இருக்க வேண்டும், அதை மட்டும் எண்ணவில்லை. வரிசை எண்ணை வைத்துச் சேர்த்தேன். திரையில் 119.

மறுபடி சேர்த்தேன். அதே 119. வரிசை எண்தானே? பங்கு கிடையாதே?

தாள்களை வரிசைப்படுத்தி வைத்தது சீப்பு. என் மனதில் முதலில் வந்தது அதுதான். வாய்வரை வந்துவிட்டது: "சார் தாளை ரெண்டு தடவை வச்சிட்டாரும்மா." முதலாளியம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். நம்பியிருப்பார். இப்போதெல்லாம் என்னை நம்புகிறார்.

சீட்டுப் பட்டியலை மேலிருந்து இறங்கினேன். 57. அடுத்தது 57. இரண்டிலும் அதே பவர், அதே போன் நம்பர். தாள் ஒன்றுதான் இருக்கிறது.

நான்தான். இந்தத் தடவை நிஜமாகவே, இரண்டு தடவை, என் கைதான்.

எழுந்து கதவருகே போனேன். பட்டறை நடுவில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "அம்மா, ஒண்ணு அதிகமா வந்திருக்கு. ஐம்பத்தேழை நான் ரெண்டு தடவை அடிச்சிட்டேன். நான்தான்."

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். நூத்திப் பதினெட்டு."

"சரி."

அவ்வளவுதான். ஒரு "சரி."

முதலாளியம்மாவுக்குச் சொன்னதாகத்தான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது துடைக்கிற மேசையை. எவ்வளவு சின்ன விஷயம், பார்த்தாயா, சீப்பு? ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது. இதைத்தான் மார்ச் நான்காம் தேதி உன்னால் சொல்ல முடியவில்லை.

அவன் தலை நிமிரவில்லை. கையில் இருந்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தான், ரொம்ப நேரம். சாயங்காலம் பெட்டிகள் என் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எதிலும் ஒரு ரேகை இல்லை.

எதையும் திருப்பி அனுப்பவில்லை.